மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்: பைக், ஸ்கூட்டருக்கு எஞ்சின் ஆயில் எப்போது மாற்றுவது, எதை ஊற்றுவது

எங்கள் வீடு மார்த்தாண்டத்தை அடுத்து, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. முற்றத்தில் இரண்டு வண்டிகள் நிற்கும். ஒன்று நான் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வரும் 100 சிசி பைக். மற்றது அப்பா தோட்டத்துக்கும் சந்தைக்கும் கொண்டுபோகும் ஸ்கூட்டர். என் வண்டி நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் ஓடுகிறது. மாதத்துக்கு 25 நாள் என்று வைத்தால் 1500 கிலோமீட்டர், நான்கு மாதத்தில் 6000. அப்பாவின் ஸ்கூட்டர் ஒரு நாளில் 8 கிலோமீட்டரைத் தாண்டாது. ஆண்டு முழுவதும் ஓட்டினாலும் மீட்டரில் 3000 ஏறாது. இரண்டு வண்டிகளின் கையேட்டிலும் 6000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றும்படிதான் போட்டிருக்கிறது. அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் என் வண்டிக்கு ஆண்டில் மூன்று முறையும், ஸ்கூட்டருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றினால் போதும் என்று கணக்கு வரும். ஆனால் பத்து மாதம் கழித்து ஸ்கூட்டரிலிருந்து இறக்கிய ஆயில், 6000 கிலோமீட்டர் ஓடிய என் வண்டியின் ஆயிலைவிட மோசமாக இருந்தது. ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருப்பிப் பார்த்தபோது, அதன் அடிப்பக்கத்தில் பால்காப்பி நிறத்தில் ஒரு வழுவழுப்பான படலம் ஒட்டியிருந்தது.

பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எஞ்சினின் அடிப்பகுதிக்கு இறங்குகிறது. எரியாத பெட்ரோலும் சிறிதளவு கூடவே இறங்குகிறது. வண்டி அரைமணி நேரம் நிற்காமல் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி, இந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் பிரீதர் குழாய் வழியே வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி இரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிற வண்டியில் ஆயில் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. ஈரம் உள்ளேயே தங்கி ஆயிலோடு குழம்பிப் பால்காப்பி நிறமாகிறது, அதிலிருந்து அமிலமும் உண்டாகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆண்டில் பாதிக்கு மேல் காற்றிலேயே ஈரம் நிற்பதால், சிறு தூரம் மட்டும் ஓடும் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை கூடுதலாகவே வருகிறது.

புதிதாக வண்டி வாங்கியவர்கள் இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது பாதிக் கேள்விதான்; எப்படி ஓடியது, எத்தனை மாதம் எஞ்சினுக்குள் கிடந்தது என்பவை மீதிப் பாதி.

எப்போது மாற்றுவது

வண்டியோடு தந்த கையேட்டை எடுத்து, பராமரிப்பு அட்டவணை இருக்கும் பக்கத்தை முதலில் பாருங்கள். கையேடு தொலைந்திருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் அதைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன; மாடலோடு தயாரிப்பு ஆண்டையும் பார்த்து இறக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது பல வண்டிகளின் எஞ்சினும் அட்டவணையும் மாறின.

புது வண்டிக்கு முதல் ஆயில் மாற்றம் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் வரும். இதை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடக் கூடாது. புது எஞ்சினில் பல் சக்கரங்களும் ரிங்குகளும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் படியும்போது நுண்ணிய உலோகத் துகள்கள் உதிர்ந்து ஆயிலில் சேர்கின்றன. முதல் ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மீன் செதில் பொடிபோல மினுங்குவது கண்ணுக்கே தெரியும். முதல் முறை அது இயல்பு. மூன்றாம், நான்காம் முறையும் அப்படி மினுங்கினால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

அதன் பிறகான இடைவெளி, நம் ஊரில் அதிகம் ஓடும் 100, 110, 125 சிசி வண்டிகளில் பலவற்றுக்கு 6000 கிலோமீட்டர். இடையில் 3000-இல் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பும்படி சில கையேடுகள் சொல்கின்றன. சில வண்டிகளுக்கு 5000, சில பெரிய வண்டிகளுக்கு 10,000 வரையும் போகும். பல கையேடுகளில் கிலோமீட்டரோடு ஒரு கால அளவும், பெரும்பாலும் 12 மாதம் என்று, சேர்த்தே அச்சிடப்பட்டிருக்கும்; இரண்டில் எது முன்னதாக வருகிறதோ அதையே கணக்கில் எடுக்க வேண்டும். நம்மில் பலர் கண்ணோட்டாமல் விட்டுவிடுகிற வரி அதுதான்.

நாகர்கோவிலுக்கோ களியக்காவிளைக்கோ நாள்தோறும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போய்வருகிறவர்கள் கையேட்டின் கிலோமீட்டரை முழுதாகவே நம்பலாம். நல்ல ஆயிலை 2000-இல் இறக்கிவிடச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. அது ஆயிலின் தரம் குறைவாக இருந்த காலத்துப் பழக்கம், இன்றைக்கு வீண் செலவு. ஒவ்வொரு பயணமும் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிகிற வண்டிக்கோ, மீட்டர் என்ன சொன்னாலும் ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும்; இரண்டு முறை மாற்றினால் நல்லது. அப்பாவின் ஸ்கூட்டருக்கு வடகிழக்கு மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒருமுறையும், ஆடிக் காற்று அடங்கும்போது ஒருமுறையும் மாற்றுகிறோம். ஆயில் 800 மில்லிக்குள்தான் என்பதால் இது பெரிய செலவும் இல்லை.

இவ்விரண்டுக்கும் நடுவில் கடும் உழைப்பு உழைக்கும் வண்டிகள் இருக்கின்றன. குளச்சலிலும் முட்டத்திலும் மீன் பெட்டி கட்டி ஓட்டும் வண்டிகள், விடியுமுன் தோவாளைப் பூச்சந்தைக்கு மூட்டையோடு கிளம்பும் வண்டிகள், கோதையாறு போன்ற மலைப்பாதையில் இரண்டாம் கியரிலேயே ஏறும் வண்டிகள், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றிலும் பாறைப்பொடி லாரிகளின் பின்னாலும் புழுதி குடித்துக்கொண்டு ஓடும் வண்டிகள் இவற்றில் சேரும். இவற்றுக்குக் கையேட்டின் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, 6000 என்றால் 4000-இல் மாற்றிவிடுவது என் கணக்கு. புழுதியில் ஓடும் வண்டிக்கு ஏர் பில்டரையும் அப்போதே பார்க்க வேண்டும். பில்டர் கிழிந்திருந்தால் எந்த ஆயிலை ஊற்றியும் பயன் இல்லை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது. 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தின் பல இடங்களில் வீட்டு முற்றம்வரை தண்ணீர் ஏறியது. அப்படி எஞ்சின் மட்டத்துக்கு மேல் தண்ணீரில் நின்ற வண்டியை ஓடுகிறதா என்று பார்க்கச் ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீர் சிலிண்டருக்குள் இருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு போய், ஆயிலை இறக்கி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உலரவைத்து, புது ஆயில் ஊற்றிய பிறகுதான் கிக்கரில் காலை வைக்க வேண்டும். அந்த ஆயிலையும் சில நூறு கிலோமீட்டரில் மறுபடி மாற்றிவிட வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. “ஆயில் கறுத்துப்போச்சு, மாத்திருவோம்” என்று ஒர்க்ஷாப்பில் சொல்வதை அடிக்கடி கேட்கலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுக்கத் தொடங்கும். எஞ்சினுக்குள் இருக்கும் கரியைக் கழுவித் தன்னுள் வைத்துக்கொள்வதற்கான மருந்து அதில் கலந்திருக்கிறது, அந்த மருந்து வேலை செய்வதன் அடையாளம்தான் கறுப்பு. கவலைப்பட வேண்டியது மற்ற அடையாளங்களைக் கண்டுதான்: பால்போல் வெளுத்திருப்பது, முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிப்பது, விரலிடையே தேய்க்கும்போது மணல்போல நெருடுவது, தண்ணீர்போல் வழிந்தோடுவது.

மாற்றுவதைவிட முக்கியமானது அளவு

ஒரு காரில் மூன்று நான்கு லிட்டர் ஆயில் இருக்கும். நம் 100 சிசி வண்டியில் ஒரு லிட்டருக்கும் குறைவு. அந்தச் சிறிய அளவைக்கொண்டுதான் எஞ்சினையும் கியர்பெட்டியையும் கிளட்ச்சையும் வண்டி பார்த்துக்கொள்கிறது. 900 மில்லியில் 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள். பழைய எஞ்சின்கள் ஆயிலைச் சிறிது சிறிதாக எரிக்கும்; புகை கண்ணுக்குத் தெரியாத அளவில் எரித்தாலும் மூவாயிரம் கிலோமீட்டரில் அளவு இறங்கியிருக்கும். எஞ்சின் பிடித்துக்கொண்டது என்று ஒர்க்ஷாப்புக்கு வரும் வண்டிகளில் பலவற்றைத் திறந்தால் ஆயில் கெட்டிருப்பதைவிட ஆயிலே இல்லாமல் இருப்பதைத்தான் மெக்கானிக்குகள் பார்க்கிறார்கள்.

ஆகவே மாதம் ஒருமுறை, நடுத்தரமான சூட்டில், அளவைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். சமதளத்தில் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்துங்கள். பக்க ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டி தவறான அளவைக் காட்டும். எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மேலும் இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள், மேலே ஏறிய ஆயில் கீழே இறங்க அந்த நேரம் வேண்டும். பிறகு ஆயில் ஊற்றும் மூடியோடு சேர்ந்திருக்கும் அளவுகோலைக் கழற்றித் துணியால் துடைத்து, மறுபடி உள்ளே வைத்து எடுங்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது: ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் அளவுகோலை மரை திருகாமல் வாயில் சும்மா உட்கார வைத்தே பார்க்க வேண்டும், திருகிவிட்டால் கோல் ஆழமாக இறங்கி ஆயில் கூடுதலாக இருப்பதுபோல் காட்டும். வேறு சில வண்டிகளில் முழுதாகத் திருகிப் பார்க்கச் சொல்லியிருக்கும். கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அளவுகோலுக்குப் பதில் கண்ணாடிச் சாளரம் உள்ள வண்டிகளில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே ஆயில் நிற்க வேண்டும்.

மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கேடுதான். கூடுதல் ஆயிலை, எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் அடித்து நுரையாக்கும். நுரை பிரீதர் வழியே ஏர் பில்டருக்குப் போய்ச் சேரும், சீல்களின் ஓரம் கசியும்.

எதை ஊற்றுவது

கடையில் அடுக்கியிருக்கும் டப்பாக்களைப் பார்த்தால் புதியவருக்குத் தலை சுற்றும். டப்பாவில் படிக்க வேண்டியவை மூன்றே: கனத்தைச் சொல்லும் எஸ்.ஏ.இ. எண், கிளட்ச்சுக்கு ஏற்றதா என்று சொல்லும் ஜாசோ எழுத்து, தரத்தைச் சொல்லும் ஏ.பி.ஐ. எழுத்து. மூன்றும் உங்கள் கையேட்டில் உள்ளதோடு ஒத்துப்போனால், எந்தக் கம்பெனி ஆயில் என்பது இரண்டாம் கவலைதான்.

10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்பவையே எஸ்.ஏ.இ. எண்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் சிறிதாக இருந்தால், எஞ்சின் ஆறிக் கிடக்கும் நேரத்தில் ஆயில் இளகி விரைவாக மேலே ஏறும். பின்னுள்ள எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயில் எவ்வளவு கனமாக நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. எண் கூடக் கூட ஆயில் கெட்டி. ஹீரோ, ஹோண்டாவின் 100–125 சிசி வண்டிகளுக்கு 10டபிள்யூ-30, யமஹாவின் பல மாடல்களுக்கு 10டபிள்யூ-40, ராயல் என்ஃபீல்டு 350-க்கு 15டபிள்யூ-50, பஜாஜின் பழைய பல்சர்களுக்கு 20டபிள்யூ-50 என்று நிறுவனங்களே சொல்லியிருக்கின்றன. ஒரே நிறுவனத்தின் புது மாடலுக்கு வேறு எண் இருக்கலாம் என்பதால், பக்கத்து வீட்டு வண்டிக்கு ஊற்றியதையே நம் வண்டிக்கும் கேட்டு வாங்கக் கூடாது.

“நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்” என்று 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் உண்டு. எஞ்சினுக்குள் ஆயில் படும் சூடு 100 டிகிரியைச் சுற்றியது. வெளியில் 28 டிகிரியா 35 டிகிரியா என்பது அதற்குப் பெரிய மாற்றம் அல்ல. அதோடு, ராஜஸ்தானில் ஓடும் அதே மாடலுக்கும் அதே எண்ணைத்தான் நிறுவனம் கொடுத்திருக்கிறது. கடற்காற்று வீசுகிற நமக்கு அதைவிடக் கெட்டியானது எதற்கு? கெட்டி ஆயில் காலையில் வால்வுகள்வரை ஏற நேரமெடுக்கும், மைலேஜும் குறையும். மிகவும் தேய்ந்து, ஆயில் எரிக்கிற பழைய வண்டிக்கு மட்டும், கையேட்டின் அட்டவணை இடம் கொடுத்தால், ஒரு படி கெட்டியானதைப் போட்டுப் பார்க்கலாம். அது கூட ரிங் மாற்றும்வரை நாள் கடத்துவதுதான்.

ஜாசோ எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே ஒருமுறை சூடு பட்டிருக்கிறேன். கியர் உள்ள பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டு வேலை செய்கின்றன. கார் ஆயில் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் பொருள்களைக் கலக்கிறார்கள். காரில் கிளட்ச் தனியாக உலர்ந்த இடத்தில் இருப்பதால் அதனால் தீங்கு இல்லை, பைக்கிலோ பிளேட்டுகள் வழுக்கத் தொடங்கும். இந்த வேறுபாட்டைக் குறிக்கவே ஜப்பானில் 1998-இல் ஜாசோ தரம் வகுக்கப்பட்டது. எம்.ஏ. என்றால் ஆயிலில் ஊறும் கிளட்ச்சுக்கு ஏற்றது. 2006-இல் அதை எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று பிரித்தார்கள், இரண்டில் எம்.ஏ.2 பிடிப்புக் கூடியது. எம்.பி. என்றால் உராய்வு குறைந்தது. கிளட்ச் தனியாக இருக்கும் ஸ்கூட்டர்களுக்கு அது பொருந்தும். எம்.ஏ. ஆயிலை ஸ்கூட்டருக்கு ஊற்றிவிட்டால் மைலேஜ் ஒரு துளி குறையலாம், வேறு கெடுதல் இல்லை, எம்.பி. ஆயிலைப் பைக்குக்கு ஊற்றக் கூடாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாமாவின் காருக்கு வாங்கியதில் மிச்சமிருந்த விலை உயர்ந்த ஆயிலை, விலை கூடியது நல்லதாகத்தானே இருக்கும் என்று என் பைக்குக்கு ஊற்றினேன். முதல் வாரம் வண்டி பஞ்சுபோல் ஓடியது. இரண்டாம் வாரம், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரைத் திருகத் திருக எஞ்சின் அலறியது, வேகம் மட்டும் கூடவில்லை. மெக்கானிக் அண்ணன் அளவுகோலை எடுத்து விரலில் தேய்த்துவிட்டு, “மக்களே, இதுக்குள்ள கார் ஆயிலா விட்ட?” என்று கேட்டார். ஆயிலை இரண்டு முறை மாற்றியும் வழுக்கல் முழுதாக நிற்காமல், கடைசியில் கிளட்ச் பிளேட்டையே மாற்ற வேண்டி வந்தது. இலவசமாகக் கிடைத்த ஆயிலுக்கு நான் கொடுத்த விலை அது.

ஏ.பி.ஐ. எழுத்துகளில் எஸ்.எல். 2001-இலும் எஸ்.என். 2010-இலும் எஸ்.பி. 2020-இலும் வந்தவை. எஸ்.எல். கேட்கும் வண்டிக்கு எஸ்.என். ஊற்றலாம், ஆனால் ஜாசோ எழுத்தும் டப்பாவில் இருக்க வேண்டும்.

மினரல் (கச்சா எண்ணெயிலிருந்து வடித்தது), புல் சிந்தெடிக் (வேதிமுறையில் உருவாக்கியது), செமி சிந்தெடிக் (இரண்டும் கலந்தது) என்பது அடுத்த கேள்வி. சிந்தெடிக் ஆயில் சூட்டில் மெதுவாகக் கெடும், அதன் கனமும் நீண்ட நாள் நிலைக்கும். கியர்பெட்டியின் பற்கள் ஆயிலை ஓயாமல் அரைத்து இளக்கிவிடும் பைக்குகளில் இது உண்மையான நன்மைதான். கையேடு சிந்தெடிக் கேட்கும் பெரிய வண்டிக்கும், நீண்ட தூரம் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கும் அதற்குக் கொடுக்கும் காசு தகும். சந்தைக்குப் போய்வரும் 100 சிசி வண்டிக்கு நல்ல மினரல் ஆயிலைச் சரியான நேரத்தில் மாற்றுவதே போதும். ஈரம் கலந்து கெடுகிற ஸ்கூட்டருக்குப் புல் சிந்தெடிக் ஊற்றி இரண்டு ஆண்டு விடுவதைவிட, மினரல் ஊற்றி ஆறு மாதத்தில் இறக்குவது நல்லது.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் பின்சக்கரத்தின் அருகே உள்ள கியர்பெட்டிக்குத் தனியாக ஒரு ஆயில் உண்டு என்பதை மறக்கக் கூடாது. அளவு 100 மில்லியைச் சுற்றியதுதான் என்றாலும் அதற்கும் ஒரு தவணை இருக்கிறது. பெட்ரோலோடு 2டி ஆயில் கலந்து ஓட்டும் பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட்டுகளுக்கு இந்தக் கட்டுரையின் கணக்கு பொருந்தாது, ஆனால் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 நான்கு ஸ்ட்ரோக் வண்டி, அதற்கு எஞ்சின் ஆயில் மாற்றியே ஆக வேண்டும்.

வாங்கும்போது மூடியின் சீல், அச்சிட்ட விலை, அடைத்த தேதி ஆகியவற்றைப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள். சில்லறையாக அளந்து ஊற்றும் ஆயில் வேண்டாம். ஒர்க்ஷாப்பில் மாற்றினால் சீலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள், காலி டப்பாவைக் கேட்டு வாங்கிக் கத்தியால் கீறிப் போடுங்கள். அந்த டப்பாவில் பழைய ஆயிலை அடைத்து யாரும் புதிதென்று விற்க முடியாமல் போக அதுவே வழி.

நாமே மாற்றும் முறை

உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியை நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திலேயே மாற்றி, பில்லைப் பத்திரப்படுத்துவதுதான் நல்லது. அதைத் தாண்டிய வண்டிக்கு வீட்டு முற்றமே போதும். தேவையானவை: டிரெயின் போல்ட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பேனர் (பல வண்டிகளில் 17 எண்), இரண்டு லிட்டர் கொள்ளும் அகலமான பாத்திரம், புனல், பழைய வேட்டித் துணி, புது ஆயில், புது வாஷர், பில்டர் உள்ள வண்டியானால் புது பில்டரும் அதன் ரப்பர் வளையமும்.

எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் இளஞ்சூடாக இருந்தால் அடியில் படிந்த கசடும் சேர்ந்து இறங்கும். நீண்ட தூரம் ஓடி வந்த உடனே திறந்தால் கை வெந்துவிடும், சைலன்சரும் பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, முதலில் மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள், காற்று உள்ளே போனால்தான் ஆயில் தடையின்றி இறங்கும்.

இனி டிரெயின் போல்ட். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் போல்ட் எல்லாமே டிரெயின் போல்ட் அல்ல. சில எஞ்சின்களில் டைமிங் செயின் டென்ஷனரின் போல்ட்டும் அங்கேயே இருக்கும்; தவறி அதைத் திறந்தால் ஸ்பிரிங் வெளியே வந்து விழும், முதல் நாளே ஒர்க்ஷாப்புக்குத் தள்ள வேண்டியதுதான். கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்த பிறகே ஸ்பேனரை வையுங்கள். இடப்பக்கம் திருகி இளக்கி, கடைசிச் சுற்றுகளைக் கையால், போல்ட்டை உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருப்பி, சட்டென்று விலக்குங்கள். முதலில் விரல் பருமனில் விழும் கறுப்புத் தாரை மெல்ல மெல்ல நூலாகி, பிறகு சொட்டாகும். அந்தச் சொட்டு நிற்கப் பத்து நிமிடமாவது கொடுங்கள். சாவியை அணைத்த நிலையிலேயே கிக்கரை நான்கைந்து முறை மிதித்தால் உள்ளே தங்கிய மிச்சமும் வரும்.

காத்திருக்கும் நேரத்தில் போல்ட்டைத் துடைத்து, அதன் வாஷரை விரலில் வைத்துப் பாருங்கள். அலுமினியத்திலோ செம்பிலோ செய்த மெல்லிய வளையம் அது. ஒருமுறை இறுக்கியதும் நசுங்கி, போல்ட் தலை பதிந்த தடம் வட்டமாகத் தெரியும். நசுங்குவதால்தான் அது கசிவை அடைக்கிறது, ஒருமுறை நசுங்கியது அடுத்த முறை அவ்வளவு நன்றாக அடைக்காது. விலை சில ரூபாய்தான், ஆனாலும் பெரும்பாலானோர் பழையதையே போடுகிறார்கள். கசிந்ததும் வாஷரை மாற்றாமல் போல்ட்டை மேலும் மேலும் இறுக்குகிறார்கள். எஞ்சினின் அடிப்பகுதி அலுமினியம், போல்ட் இரும்பு. அளவு மீறி இறுக்கினால் தோற்பது அலுமினிய மரைதான். மரை போனால் அதைக் கடைந்து புதிதாகப் போட ஆகும் செலவில் பல முறை ஆயில் மாற்றலாம்.

ஆகவே போல்ட்டை முதலில் கையாலேயே முழுதாகத் திருகுங்கள்; சில சுற்றிலேயே பிடித்துக்கொண்டால் மரை குறுக்கே ஏறுகிறது, திரும்ப எடுத்து நேராக வையுங்கள். கை நின்ற இடத்திலிருந்து ஸ்பேனரால், அதன் நுனியைப் பிடிக்காமல் நடுவைப் பிடித்து, வாஷர் நசுங்குவதை உணரும்வரை இறுக்கினால் போதும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டின் அளவை வையுங்கள். காகித பில்டர் உள்ள வண்டியில் அதை மாற்றும்போது, பழையதை எடுக்கும் முன்பே எந்தப் பக்கம் உள்நோக்கி இருந்தது, ஸ்பிரிங் எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் போட்டால் ஆயில் மேலே ஏறாது. வலை மட்டும் உள்ள சிறு வண்டிகளில் கையேடு சொல்லும் தவணையில் வலையைப் பெட்ரோலில் கழுவினால் போதும்.

புது ஆயிலை ஊற்றும்போது டப்பாவைக் கவிழ்த்துவிடாதீர்கள். கையேட்டில் இரண்டு அளவு இருக்கும்: எஞ்சினை முழுதாகப் பிரித்துப் பூட்டினால் ஒன்று, ஆயில் மட்டும் மாற்றினால் அதைவிடக் குறைவாக இன்னொன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது. 900 மில்லி டப்பா, ஒரு லிட்டர் டப்பா என்று விற்பது கடைக்காரரின் வசதி. உங்கள் எஞ்சின் அவ்வளவும் கேட்கிறது என்று பொருள் அல்ல. சொன்ன அளவில் 100 மில்லி குறைவாக ஊற்றி, மூடியை இட்டு, எஞ்சினை முறுக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அணைத்துக் காத்திருந்து அளவு பாருங்கள். மேல் கோட்டை எட்டும்வரை மீதியைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். மாற்றிய தேதியையும் மீட்டர் எண்ணையும் ஆயிலின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, வண்டி இருக்கைக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். மழையில் நனையாமல் மேலே செலோடேப் போடுங்கள்.

இறக்கிய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. 2016-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் வருகிறது. அதை ஓடையிலோ தென்னை மூட்டிலோ ஊற்றக் கூடாது. ஓடையில் விட்டது மழையோடு குளத்துக்கும் வயலுக்கும்தான் போய்ச் சேரும். செயினுக்கு விடவும் வேண்டாம். அதில் மிதக்கும் உலோகத் துகள் செயினைத் தேய்க்கும்; செயினுக்குக் கியர் ஆயிலோ செயின் ஸ்பிரேயோ போதும். பழைய ஆயிலைக் காலி டப்பாவில் ஊற்றி, பெரிய பீப்பாயில் சேர்த்து வைக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்கள் அங்கிருந்து கொண்டுபோவார்கள். அந்த டப்பாவை மட்டும் ஆயிலைக் கொடுத்த பிறகு கீறினால் போதும்.

அன்று இரவு எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு அட்டையை விரித்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் வண்டியை எடுக்கலாம். ஒரு சொட்டு விழுந்திருந்தால் போல்ட்டைத் துடைத்து, கால் திருகுக்கும் குறைவாக இறுக்கி, அடுத்த இரவும் அட்டையை வையுங்கள். அப்போதும் விழுந்தால் மேலும் இறுக்காமல், ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் இறக்கி, வாஷரை மாற்றி, அதே ஆயிலைத் திரும்ப ஊற்றுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் அளவை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.